ஆள்வோர் நட்பும் நாட்டு நட்பும்

நட்பின் இயல்பை உரைக்க வந்த திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தோடு அமைந்தாரில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை வகுத்து, ஐம்பது குறட்பாக்களால் அதனை ஆராய்ந்தார். அவ்வைந்தும் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. தனி மனிதர் உறவுக்கு மட்டுமன்றி, நாடாள்வோர் உறவுக்கும் அவ்வாராய்ச்சி வேண்டும் என்பது அதனால் விளங்கும்.

ஓர் அரசு மற்றொரு நாட்டோடு நட்புக் கொள்கிறது என்றால், அந்நட்பு யாரோடு கொள்ளப்படுகிறது? அங்கே ஆட்சிபீடத்தில் அமர்ந்திருப்பவரோடா? அவர் ஆளும் மக்களோடா? ஆள்வோரும் மக்களும் ஒருமனப்பட்டிருக்கும்வரை இவ்வினா எழுவதில்லை. மக்கள் விருப்பத்துக்கு மாறாக ஒருவர் ஆளத் தொடங்கும் அன்று அஃது எழுகிறது. அவர் ஆட்சி ஆட்டங்காணும் அன்று, அதற்கு விடை கூறியே தீரவேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் மேலை வல்லரசுகள் இவ்வினாவைப் பலமுறை எதிர்கொண்டன. அவற்றுள் அமெரிக்கா பிலிப்பைன்ஸில் எதிர்கொண்ட முறை சிறப்பாக ஆராயத்தக்கது. மலேசியாவின் அண்டை நாட்டில் நிகழ்ந்த அவ்வரலாறு, 1972ஆம் ஆண்டில் தொடங்கி 1992ஆம் ஆண்டில் ஒரு முடிவை எய்தியது. இருபது ஆண்டுக் கணக்கை முழுமையாகப் பார்க்கும்போதுதான், வல்லரசு எதனைக் கொடுத்து எதனைப் பெற்றது என்பது புலனாகும்.

தளங்களின் கதை

ஸ்பெயின் நாட்டோடு நிகழ்ந்த போரில் வென்ற அமெரிக்கா, 1898 டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி இரண்டு கோடி வெள்ளி கொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அத்தீவுகள் 1946 ஜூலை 4ஆம் நாள் விடுதலை பெற்றன. ஆயினும், அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே படைத்தளங்கள் பற்றிய ஓர் ஒப்பந்தம் எழுந்தது. 99 ஆண்டுகளுக்கு அமெரிக்கப் படைகள் அங்கே தங்கலாம் என்பது அதன் சாரம். 1966ஆம் ஆண்டில் அக்காலவரை திருத்தப்பட்டு, 1991ஆம் ஆண்டோடு முடிவதாகக் குறுக்கப்பட்டது. இவ்வாண்டினை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அத்தளங்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று சுபிக் குடாவின் கடற்படைத் தளம். மற்றொன்று கிளார்க் விமானப்படைத் தளம். வியட்நாம் போர்க்காலத்தில் கப்பல்களைப் பழுதுபார்க்கவும், படைக்கலன்களை ஏற்றி இறக்கவும், போர் விமானங்களைப் பேணவும் இவ்விரண்டும் பெரிதும் உதவின. வாஷிங்டனிலிருந்து பிலிப்பைன்ஸை நோக்கியவர்களின் கண்ணுக்கு முதலிற் பட்டவை இத்தளங்களே. அங்கு வாழ்ந்த மக்கள் அவற்றின் பின்னேதான் தென்பட்டனர்.

பெர்டினாண்டு மார்க்கோஸ் 1965 நவம்பரில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1969இல் மீண்டும் வென்றார். விடுதலைக்குப் பின் இருமுறை தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் அவரே. ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருத்தல் கூடாது என்பது அந்நாட்டின் 1935ஆம் ஆண்டு அரசியற் சட்டம் விதித்த வரையறை. 1973ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பதவியினின்று இறங்கியிருக்க வேண்டும்.

அவர் இறங்கவில்லை. 1972 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணையால் நாடெங்கும் இராணுவச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார்; இரண்டு நாள் கழித்து அதனை மக்களுக்கு அறிவித்தார். சட்டமன்றம் மூடப்பட்டது. செய்தித்தாள்களும் வானொலி நிலையங்களும் அடைக்கப்பட்டன. செனட் உறுப்பினர் பெனிக்னோ அக்கினோவும் எதிர்க்கட்சியினர் பலரும் சிறைப்பட்டனர். 1975ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பன்னாட்டு மன்னிப்பு அவையினர் 107 சிறைக்கைதிகளை நேரிற் கண்டு வினவினர். அவர்களுள் 71 பேர் தாம் சித்திரவதை செய்யப்பட்டதாகக் கூறினர். தெற்கே மிண்டனாவ் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கும் அரசுப் படைக்கும் மூண்ட போரிலிருந்து தப்பி, பல்லாயிரவர் கடல் கடந்து சபா மாநிலத்தில் அடைக்கலம் புகுந்தனர்.

வாஷிங்டன் இவற்றைக் கண்டித்ததா? இல்லை. தளங்களுக்கு ஊறு நேராது என்னும் உறுதி கிடைத்ததும் அது வாளாவிருந்தது. படைத்துறை உதவி குறையவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளில் கூடவே செய்தது. மணிலாவிலிருந்த அமெரிக்க வணிகர் மன்றம் மார்க்கோசுக்கு வாழ்த்துத் தந்தியே அனுப்பியது.

அச்சமும் அதன் காரணங்களும்

இவ்வாறு கூறுவதனால், அமெரிக்க அரசு காரணமின்றி நடந்துகொண்டது எனக் கருதுதல் தவறாகும். வரலாறு கற்பிப்போர் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடுத்துவைத்தல் வேண்டும்.

1975ஆம் ஆண்டில் தென் வியட்நாம் வீழ்ந்தது. 1979ஆம் ஆண்டில் சோவியத் கப்பற்படை வியட்நாமின் காம் ரான் குடாவில் இடம்பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நண்பர்களாயிருந்த இருவர் ஆட்சியிழந்தனர்: ஒருவர் ஈரான் மன்னர் ஷா, மற்றவர் நிகராகுவா நாட்டின் சொமோசா. அவர்களுக்குப் பின் வந்த அரசுகள் அமெரிக்காவைப் பகையாக நோக்கின. "தீயவராயினும் பழகியவர் போதும், அவர் போனால் வருபவர் அவரினும் தீயவராவார்" என்னும் அச்சம் வாஷிங்டனில் வேரூன்றியது. இவ்வச்சத்துக்கு ஒரு கொள்கை வடிவம் கொடுத்தவர் ஜீன் கர்க்பாட்ரிக் என்னும் பேராசிரியை. நட்பு நாடுகளின் வல்லாட்சிகளை அவசரப்பட்டுத் தள்ளிவிடுதல் பேதைமை என்றும், அவை காலப்போக்கில் மக்களாட்சியாக மாறக்கூடும் என்றும், பொதுவுடைமை ஆட்சிகளோ மாறுவதில்லை என்றும் 1979இல் அவர் எழுதினார். 1981இல் ஐக்கிய நாட்டுச் சபைக்கு அமெரிக்கத் தூதராகவும் அவர் அமர்த்தப்பட்டார்.

இக்கொள்கையின் முதற் பகுதி முற்றும் பொய்யன்று. வல்லாட்சி வீழ்ந்த இடத்திலெல்லாம் நல்லாட்சி முளைத்துவிடுவதில்லை. ஆயின், அது காணத் தவறியது ஒன்றுண்டு. பிலிப்பைன்ஸில் புதிய மக்கள் படை என்னும் பொதுவுடைமைக் கெரில்லாப் படை 1969ஆம் ஆண்டில் ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கியது. இராணுவச் சட்டத்தின் கீழ், எதிர்ப்புக்குரிய நேரிய வழிகள் யாவும் அடைபட்ட பின்னரே அது பல்லாயிரவர் கொண்ட படையாக வளர்ந்தது. எந்நோய்க்கு அஞ்சி மார்க்கோஸ் என்னும் மருந்தை வல்லரசு ஊட்டியதோ, அம்மருந்தே அந்நோயை வளர்த்தது.

இடையில் வந்த ஜிம்மி கார்ட்டர் மனித உரிமையைத் தம் வெளியுறவுக் கொள்கையின் உரைகல்லாக 1977இல் அறிவித்தார். ஆயின் 1979 ஜனவரியில் தள ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது, ஐந்து ஆண்டுகளுக்கு 50 கோடி அமெரிக்க வெள்ளி உதவி மணிலாவுக்கு உறுதி செய்யப்பட்டது. மனித உரிமையும் படைத்தளமும் ஒரே தராசில் வைக்கப்பட்டபோது, தளம் வைத்த தட்டே தாழ்ந்தது.

1981 ஜனவரியில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை நீக்கினார்; ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மட்டும் கைவிடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம், முக்கிய எதிர்க்கட்சியினர் புறக்கணித்த ஒரு தேர்தலில் வென்று மீண்டும் பதவியேற்றார். அவ்விழாவுக்கு வந்த அமெரிக்கத் துணைத்தலைவர் ஜார்ஜ் புஷ், மக்களாட்சி நெறிகளை மார்க்கோஸ் கடைப்பிடிப்பதைப் பாராட்டி விருந்தில் வாழ்த்துரை கூறினார். விருந்து சில நாழிகையில் முடிந்தது. அச்சொற்களைப் பிலிப்பைன்ஸ் மக்கள் மறக்கவில்லை.

துப்பாக்கிச் சூடும் அதன் எதிரொலியும்

இதய அறுவை மருத்துவத்துக்காக 1980இல் அமெரிக்கா செல்ல விடப்பட்ட அக்கினோ, 1983 ஆகஸ்டு 21ஆம் நாள் தாயகம் திரும்பினார். மணிலா வானூர்தி நிலையத்தில், படைவீரர் சூழ விமானத்தினின்று இறக்கப்பட்ட சில நொடிகளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றுவரை அச்சத்தால் வாய் மூடியிருந்த நடுத்தர வகுப்பினரும் வணிகரும் கன்னியரும் மாணவரும் தெருவுக்கு வந்தனர். விசாரணைக் குழு, இது படையினரின் சதி என 1984 அக்டோபரில் முடிவு கூறியது. ஆயின் குற்றஞ்சாட்டப்பட்ட தளபதி வேர் முதலிய யாவரையும் 1985 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது.

நாட்டின் பொருளாதாரமும் சரிந்தது. 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு வீழ்ந்தது. வெளிநாட்டுக் கடன் 2,500 கோடி அமெரிக்க வெள்ளியையும் தாண்டியது.

இந்நிலையில் வாஷிங்டன் ஒரே குரலிற் பேசவில்லை. மணிலாவிலிருந்த தூதர் ஸ்டீபன் போஸ்வர்த்தும் வெளியுறவுத் துறை அதிகாரிகளும், சீர்திருத்தம் இன்றேல் நாடு கெரில்லாக்களின் கையிற் போய்விடும் என எச்சரித்தனர். குடியரசுத் தலைவர் ரீகனோ பழைய நண்பரைக் கைவிட மனங்கொள்ளவில்லை. 1969இல் நிக்சனின் சார்பாளராக மணிலா சென்று மார்க்கோஸ் இல்லத்தாரின் விருந்தோம்பலைப் பெற்றவர் அவர். கீழே உள்ளோர் நாட்டைக் கண்டனர். மேலே இருந்தவர் நண்பரைக் கண்டார்.

1985 அக்டோபரில் ரீகன் தம் நம்பிக்கைக்குரிய செனட் உறுப்பினர் பால் லாக்சால்ட்டை மணிலாவுக்கு அனுப்பினார். அடுத்த மாதம் 3ஆம் நாள், முன்கூட்டியே தேர்தல் நடத்தப்போவதாக மார்க்கோஸ் அறிவித்தார். அவ்வறிவிப்பை அவர் வெளியிட்ட இடம் தம் நாட்டு மன்றமன்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று. தம் ஆட்சிக்கு ஒப்புதல் எங்கிருந்து வரவேண்டுமென அவர் கருதினார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1986 பிப்ரவரி

பிப்ரவரி 7ஆம் நாள் தேர்தல் நடந்தது. மார்க்கோசை எதிர்த்து நின்றவர் கொலையுண்டவரின் மனைவி கொரசோன் அக்கினோ. நாம்பிரல் எனப்பட்ட குடிமக்கள் கண்காணிப்பு இயக்கத்தின் தொண்டர்கள் வாக்குப் பெட்டிகளைக் காத்து நின்றனர். அவர்களுள் ஆசிரியரும் கன்னியரும் இருந்தனர். 9ஆம் நாள் இரவு, அரசின் தேர்தல் ஆணையத்தில் பணியாற்றிய கணிப்பொறிப் பணியாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர், தாம் பதிந்த எண்ணிக்கையும் பலகையிற் காட்டப்பட்ட எண்ணிக்கையும் வேறுபட்டிருத்தலைக் கண்டு, பணியைவிட்டு வெளியேறி ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தனர்.

சட்டமன்றம் அறிவித்த முடிவின்படி மார்க்கோசுக்கு 1 கோடியே 8 இலட்சம் வாக்குகள்; கொரசோனுக்கு ஏறத்தாழ 93 இலட்சம். நாம்பிரல் எண்ணி முடித்த அளவிலோ கொரசோனுக்கு 78 இலட்சம். மார்க்கோசுக்கு 70 இலட்சம். தேர்தல் முறைகேடுகள் முன்னெப்போதும் காணாதவை எனக் கத்தோலிக்க ஆயர்கள் கூட்டாக அறிக்கை விடுத்தனர்.

பிப்ரவரி 11ஆம் நாள் செய்தியாளரைச் சந்தித்த ரீகன், முறைகேடு இரு தரப்பிலும் நிகழ்ந்திருக்கக்கூடும் எனக் கூறினார். மணிலாவில் இச்சொல் பெருஞ்சினத்தை மூட்டியது. தேர்தலை நேரிற் பார்த்துவந்த செனட் உறுப்பினர் ரிச்சர்டு லூகரோ உண்மையை மறைக்கவில்லை. நான்கு நாள் கழித்து வெள்ளை மாளிகை தன் சொல்லை மாற்றி, முறைகேடு பெரும்பாலும் ஆளுங்கட்சியினுடையதே என ஒப்புக்கொண்டது. 19ஆம் நாள் அமெரிக்க செனட் சபை 85க்கு 9 என்ற வாக்குக் கணக்கில் அத்தேர்தலைக் குறைகூறித் தீர்மானம் நிறைவேற்றியது.

22ஆம் நாள் தற்காப்பு அமைச்சர் என்ரிலேயும் படைத்துறைத் துணைத்தலைவர் ராமோசும் மார்க்கோசை விட்டு விலகி, மணிலாவின் படைமுகாமில் தங்கினர். அவர்களைக் காக்க வருமாறு கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலி வாயிலாக மக்களை அழைத்தார். எட்சா என்னும் நெடுஞ்சாலையில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அவர்கள் கையில் இருந்தவை மலர்களும் செபமாலைகளும் உணவுப் பொட்டலங்களுமே. கவச வண்டிகளின் முன் அவர்கள் மண்டியிட்டபோது, வண்டிகள் நின்றன.

24ஆம் நாள்தான் வெள்ளை மாளிகை அமைதியான ஆட்சி மாற்றம் வேண்டுமென வெளிப்படையாகக் கூறியது. மறுநாள் விடியுமுன் மார்க்கோஸ் தொலைபேசியில் லாக்சால்ட்டின் கருத்தைக் கேட்டார். விலகிக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்னும் விடை வந்தது. 25ஆம் நாள் காலையில் கொரசோன் பதவியேற்றார். மார்க்கோசும் மாளிகையில் ஒரு பதவியேற்பு நடத்தினார். இரவில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் அவரையும் குடும்பத்தாரையும் கிளார்க் தளத்துக்குக் கொண்டுசென்றன. அங்கிருந்து குவாம் வழியாக அவர் ஹவாய் சேர்ந்தார். எத்தளங்களுக்காக அவர் தாங்கப்பட்டாரோ, அவற்றுள் ஒன்றே அவர் நாடுவிட்டு நீங்கும் வாயிலாயிற்று.

மாற்றத்தைச் செய்தவர் யாவர்?

அமெரிக்காவே மார்க்கோசை இறக்கியது என்பாரும் உளர். அமெரிக்காவுக்கு அதில் பங்கே இல்லை என்பாரும் உளர். இருசாராரும் நாள்வரிசையை நோக்கினாரில்லை. தொண்டர்கள் வாக்குப் பெட்டிகளைக் காத்தது 7ஆம் நாள். பணியாளர் வெளியேறியது 9ஆம் நாள். மக்கள் எட்சாவுக்கு வந்தது 22ஆம் நாள். வல்லரசு வாய் திறந்தது 24ஆம் நாள். செயல் முன்னே சென்றது. கொள்கை பின்னே வந்தது.

எனினும், பின்னே வந்த அச்சொல்லுக்கும் ஒரு பயன் இருந்தது. வன்முறையைக் கையாண்டால் படைத்துறை உதவி நின்றுவிடும் என்னும் எச்சரிக்கையும், போவதற்கு ஓர் இடம் உண்டு என்னும் உறுதியும், ஒரு முதிய ஆட்சியாளர் குருதி சிந்தாமல் இறங்குவதற்குத் துணைசெய்தன. வெளிநாடு செய்யக்கூடியது இவ்வளவே: முட்டுக் கொடுத்துவந்த கோலை உரிய நேரத்தில் எடுத்துவிடலாம், விழுபவன் பிறர்மேல் விழாதபடி வழிசெய்யலாம். புதிய வீட்டைக் கட்டுதல் அவ்வீட்டாரின் பணி.

அப்பணியும் எளிதாயிருக்கவில்லை. 1987 ஜனவரியில் நிலச்சீர்திருத்தம் கேட்டு வந்த உழவர்கள் மெண்டியோலா பாலத்தருகே சுடப்பட்டனர். 13 பேர் உயிரிழந்தனர். கொரசோனின் ஆட்சியைக் கவிழ்க்கப் படையினர் பலமுறை முயன்றனர். 1989 டிசம்பரில் எழுந்த பெருங்கலகத்தின்போது கிளார்க் தளத்திலிருந்து அமெரிக்கப் போர் விமானங்கள் பறந்து அவருடைய அரசுக்குத் துணைநின்றன. முன்னர் வல்லாட்சிக்குத் துணைநின்ற தளம், இப்போது மக்கள் தேர்ந்த அரசுக்குத் துணைநின்றது.

பன்னிரண்டுக்குப் பதினொன்று

1991ஆம் ஆண்டு வந்தது. மார்க்கோசுக்குப் பின் மக்கள் ஏற்ற 1987ஆம் ஆண்டு அரசியற் சட்டம், செனட் சபையின் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கை இன்றி அயல்நாட்டுத் தளங்கள் அவ்வாண்டுக்குமேல் தங்கலாகாது என விதித்திருந்தது. ஒரு தனி ஆள்வோரின் கையெழுத்துக்கு இனி இடமில்லை. ஜூன் மாதம் பினாத்துபோ எரிமலை வெடித்துக் கிளார்க் தளத்தைச் சாம்பலில் மூடியது. அமெரிக்கர் அதனைக் கைவிட்டனர். எஞ்சியது சுபிக். அதனை மேலும் பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உடன்படிக்கை செப்டம்பர் 16ஆம் நாள் செனட் சபையின் முன் வந்தது. கொரசோன் அக்கினோவே அதனை ஆதரித்தார்.

ஆதரவு 11, எதிர்ப்பு 12. உடன்படிக்கை தோற்றது. இறுதியாக வாக்களித்து அதனை வீழ்த்தியவர் சபைத் தலைவர் ஜொவித்தோ சலோங்கா. 1971இல் மணிலாவின் மிராண்டா சதுக்கத்தில் எதிர்க்கட்சிக் கூட்டத்தின்மேல் வீசப்பட்ட குண்டினால் படுகாயமுற்றவர். இராணுவச் சட்ட ஆட்சியில் காவலில் வைக்கப்பட்டவர். மார்க்கோசின் பழைய அமைச்சர் என்ரிலேயும் எதிர்த்தே வாக்களித்தார் என்பதைக் குறிப்பிடுதல் நடுநிலைமையாகும். சோவியத் அச்சம் தணிந்திருந்தது. நாட்டுப்பற்று உணர்ச்சி மேலோங்கியிருந்தது. வாடகைப் பணம் பற்றிய கசப்பும் இருந்தது. காரணம் ஒன்றன்று. எனினும், தளங்கள் என்றதும் வல்லாட்சிக்கு ஈந்த ஆதரவே பலருக்கு நினைவில் எழுந்தது என்பதை மறுத்தல் அரிது.

1992 நவம்பர் 24ஆம் நாள் அமெரிக்கப் படை சுபிக்கை விட்டு நீங்கியது. எதனைக் காக்க இருபது ஆண்டு பொறுத்திருந்ததோ, அதனையே வல்லரசு இழந்தது. உறவு அதனோடு முடிந்துவிடவுமில்லை. 1998இல் கையெழுத்தாகி மறு ஆண்டு செனட் சபை ஏற்ற வருகைப் படைகள் ஒப்பந்தமும், 2014ஆம் ஆண்டின் தற்காப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் பின்னர் வந்தன. மக்களாட்சியோடு மீண்டும் பேசி உடன்பட இயலும் என்பதை அவை மெய்ப்பித்தன.

எஞ்சிய கணக்கு

மார்க்கோஸ் 1989இல் ஹொனலூலுவில் காலமானார். அவர் ஆட்சியில் துன்புற்றோர் தொடுத்த வழக்கில் ஹவாயின் கூட்டாட்சி நீதிமன்றம் ஏறத்தாழ 200 கோடி அமெரிக்க வெள்ளி இழப்பீடு விதித்தது. பிலிப்பைன்ஸ் 2013இல் இயற்றிய சட்டத்தின்படி 11,103 பேர் மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்களாக அரசால் ஏற்கப்பட்டனர். 2022 மே மாதம் அவருடைய மகன் 3 கோடிக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றுக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நினைவு தானே நிற்பதில்லை. அது கற்பிக்கப்பட வேண்டியது. எட்சாவில் நின்றோரின் பேரப்பிள்ளைகள் அந்நாட்களைப் பாடநூலிலன்றி வேறெங்கும் காண இயலாது. வகுப்பறையிற் சொல்லப்படாததை வாக்குச்சீட்டு அறியாது.

இவ்வரலாற்றில் வல்லரசின் பிழை யாது? வல்லாட்சியாளர் ஒருவரோடு பேசியது பிழையன்று. அரசுகள் எல்லா அரசுகளோடும் பேசியே தீரவேண்டும். பேச்சைப் புகழ்ச்சியாக்கியதும், ஒருவரது ஆயுளை ஒரு நாட்டின் ஆயுளாக எண்ணியதுமே பிழை. நட்பாராய்தலை நட்புக்கு அடுத்த அதிகாரமாக வள்ளுவர் வைத்தார். ஆராயாது கொண்ட நட்புக்கு 1972இல் விலை கேட்பார் இல்லை. 1991இல் பன்னிரண்டு பேர் கேட்டனர்.